உன் 11 பிள்ளைகள்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. ஆய்வு அறிக்கை கொடுக்கும் நேரமாக இருந்ததால் உடனே எழுத முடியவில்லை. அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்தபோது நிம்மதியாக இருந்தது.

நீ கேட்டது மனதை விட்டுப் போகவே இல்லை. "என் மூன்றாம் வகுப்பில் 11 பேர், டவுன் பள்ளியில் 40 பேர். ஆனாலும் அவர்கள்தான் நன்றாக வாசிக்கிறார்கள். அப்படியென்றால் சிறிய வகுப்பால் பயனே இல்லையா?"

பயன் உண்டு, செல்வி. உங்கள் ஊரில் வசதி உள்ளவர்கள் பிள்ளைகளை வேன் ஏற்றி மெட்ரிக் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். செங்கல் சூளைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள்தான் உன்னிடம் மிச்சம். இரண்டு வகுப்பையும் அப்படியே ஒப்பிட்டால், வீட்டு நிலைமையின் வித்தியாசமெல்லாம் வகுப்பின் அளவு மேல் போய் விழும்.

இந்தப் பருவம் நான் அமெரிக்காவின் டென்னசி மாநிலத் தரவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1985-இல் அங்கே 79 பள்ளிகளில், ஒரே பள்ளிக்குள் பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் பிரித்தார்கள். 13 முதல் 17 பேர் உள்ள சிறிய வகுப்பு. 22 முதல் 25 பேர் உள்ள வழக்கமான வகுப்பு. அதே அளவில் ஆசிரியருக்கு ஒரு உதவியாளர் உள்ள வகுப்பு. ஆசிரியர்களையும் அப்படியே பிரித்தார்கள். நான்கு ஆண்டுகளில் 11,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள். எல்லா வகை வீட்டுப் பிள்ளைகளும் மூன்றிலும் கலந்துவிட்டதால் வகுப்பின் பலன் தனியாகத் தெரிந்தது. சிறிய வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும் முன்னே இருந்தார்கள். ஏழை, கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பலன் இன்னும் அதிகம். உதவியாளர் வைத்ததில் பெரிய மாற்றம் இல்லை.

முதலில் கணக்குப் போட்டபோது ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனிச் சாட்சியாக எண்ணிவிட்டேன். ஒரே டீச்சரிடம் படிக்கிற 20 பேருக்கும் அவருடைய நிறைகுறை பொதுவானதுதானே? என் வழிகாட்டி அதைச் சுட்டிக்காட்டினார். வகுப்புவாரியாகத் திருத்தியபோது பிழை வரம்பு, அதாவது கணக்கு எவ்வளவு தவறியிருக்கலாம் என்ற இடைவெளி, விரிந்தது, ஆனால் சிறிய வகுப்பின் பலன் நின்றது. அன்று ராத்திரி உன்னைத்தான் நினைத்தேன். உன் உழைப்பை டவுன் பள்ளி மதிப்பெண்ணோடு வைத்து அளக்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது.

சரி, ஒரு உதவி செய். சூளை வேலை நடக்கும் மாதங்களில் யார் யார் எத்தனை நாள் வரவில்லை என்று வருகைப் பதிவேட்டைப் பார்த்துக் குறித்து வை. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். லீவு முடிந்ததும் மூன்று நாள் உன் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார வேண்டும். ஹெச்.எம்.மிடம் இப்போதே கேட்டு வை.

அன்புடன்,
கவிதா