எட்டாவது லெவல் எலி

அன்புள்ள தம்பிக்கு,

கம்பிக்கதவு மூடிக்கிச்சு, திரும்பி வர வழியில்லை, கேம் ஹேங் ஆயிருச்சான்னு கேட்டிருந்தே. பிரின்ஸ் ஆஃப் பெர்சியாங்கற இந்தப் பழைய கம்ப்யூட்டர் கேம்ல எட்டாவது லெவல் அப்பிடித்தான் சாமி, வெசனப்படாதே. வெளிக்கதவைத் திறக்கிற பலகையை மிதிச்சுட்டு வந்து, கம்பிக்கதவு தெரியற திரையிலேயே சித்தெ நேரம் சும்மா நில்லு. இளவரசி அனுப்புன வெள்ளெலி ஓடிவந்து பலகையை மிதிச்சுத் திறந்துவிடும். வேற திரையில அலைஞ்சுட்டிருந்தா வராது.

எலி கிடக்கட்டும். நீ அங்கங்கே சாகறதுக்குக் காரணம் ஓட்டம். மொத்தம் 60 நிமிஷம், 12 லெவல். செத்தா லெவல் மொதல்ல இருந்து வரும், போன நேரம் வராது. அந்தப் பயத்துல எல்லாரும் ஓடுவாங்க. நீ ஆட்டற இளவரசன், இந்த கேமை உருவாக்குன ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவும் தாவவும் விட்டு வீடியோ எடுத்து, படம் படமாப் பார்த்து வரைஞ்ச உருவம். ஓட்டத்துல பட்டனை விட்டா டக்குனு நிக்காது, சறுக்கித்தான் நிக்கும். அந்தச் சறுக்கல்ல குழிக்குள்ள போயிரும்.

ஷிஃப்டை அமுக்கிட்டு அம்புக்குறியைத் தட்டு, ஒவ்வொரு அடியா வைக்கும். தரை முள்ளு மேல அப்பிடியே நடந்தா ஒண்ணும் ஆகாது, ஓடுனாத்தான் குத்தும். வழியில மூடி மூடித் திறக்கற வெட்டுக்கத்திக்கிட்டயும் ஓடக்கூடாது. அதோட அடி வரைக்கும் போய் நின்னு, நம்மூர்த் தறியில நாடா போயிட்டு வர்ற தாளத்தைக் கேக்கற மாதிரி ரெண்டு மூணு தடவை கேளு. மூடித் திறந்த உடனே அடுத்த அடி. ஆட்டம் குடுக்கற பலகை எதுன்னு தெரியணும்னா நின்ன இடத்துல ஒரு குதி குதி, லூசா இருக்கறது கடகடங்கும். ஒரு மாடி விழுந்தா சேதமில்லை, ரெண்டு மாடின்னா ஒரு உயிர் போகும், மூணுன்னா முடிஞ்சுது.

வாள்சண்டையில நீயா மேல போய் விழாதே. எதிரி வீசறப்ப மேல் அம்பைத் தட்டித் தடு, உடனே ஷிஃப்டைத் தட்டிக் குத்து. மூணாவது லெவல் எலும்புக்கூட்டை எத்தனை குத்துனாலும் சாகாது, பின்னால தள்ளிக் குழியில விடு. நீலக் குப்பியைக் குடிச்சுறாதே, உயிர் குறையும்.

மொத லெவல்கள்ல ஷிஃப்டையும் L எழுத்தையும் சேர்த்து அமுக்கித் தாண்டலாம்தான். ஆனா நேரம் 15 நிமிஷமாச் சுருங்கிரும், அது ஏமாத்து வேலை. பாப்பா ஆடறதா இருந்தா இதே கேமை இந்தக் காலக் கம்ப்யூட்டருக்கு மாத்துன எஸ்டிஎல்பாப் (SDLPoP) போட்டுக் குடு, எஃப்6-ல சேமிச்சு எஃப்9-ல திரும்பி வந்துக்கும். உனக்கு வேண்டாம்.

நாலாவது லெவல் கண்ணாடிக்குள்ள தாவுனப்ப ஒரு நிழல் பிரிஞ்சு ஓடுச்சே? இந்த கேம் மொதல்ல வந்த ஆப்பிள் 2 கம்ப்யூட்டரோட மெமரியில இன்னொரு எதிரிக்கு இடமில்லாம, இளவரசன் படத்தையே மாத்திப் போட்டுப் பண்ணது அது. அஞ்சுல மருந்தைக் குடிச்சதும், ஆறுல கதவை அடைச்சதும் அவனேதான். பன்னெண்டுல வாளோட வருவான். அவனைக் குத்துனா உனக்குத்தான் உயிர் போகும். கீழ் அம்பை அமுக்கி வாளை உறையில போட்டுட்டு அவன் மேலயே போ, ரெண்டும் ஒண்ணாயிரும். அப்புறம் முன்னால தரையே இருக்காது. அங்கே மட்டும் ஷிஃப்டை மறந்துட்டு ஓடு கண்ணு, காலுக்கடியில பலகை ஒவ்வொண்ணா வந்துக்கும்.

அம்மா
பெருந்துறை