கியர் நாப் வாங்குறதுக்கு முன்னாடி மரையைப் பாருங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

வாகனப் பக்கத்துல கியர் நாப், அதாவது கியர் லிவர் தலையில கைக்குப் புடிக்கிற குமிழ், அதை மாத்துறது பத்தி வந்த குறிப்பைப் படிச்சேன். பழசைக் கழட்டிட்டு புதுசைத் திருகுனா அஞ்சு நிமிஷ வேலைன்னு ஒரே வரியில முடிச்சிட்டாங்க. அஞ்சு நிமிஷந்தான், இல்லேங்கல, ஆனா மரை, அதாவது திருகு ஏறுற வரி, கம்பிக்கும் நாப்புக்கும் ஒத்துப்போகணுமே.

லிவர் தலையில இருக்கிற மரை எல்லா வண்டிக்கும் ஒண்ணு கிடையாது. ஹோண்டால பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் கம்பி, பிட்ச், அதாவது மரையில ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவுல இடைவெளி, 1.5 மில்லிமீட்டர். நிசான், மஸ்டால பாத்தீங்கன்னா அதே 10 தான் ஆனா பிட்ச் 1.25, டொயோட்டால பொதுவா கம்பி 12, பிட்ச் 1.25. இப்ப 1.5 நாப்பை 1.25 கம்பியில போட்டா முதல் ஒண்ணு ரெண்டு சுத்து ஒழுங்கா போற மாதிரியே இருக்கும், அப்புறம் இறுகும், நாமளும் புதுசுல்ல அப்படித்தான் இருக்கும்னு இன்னும் கொஞ்சம் அழுத்தித் திருகுவோம், அங்கதான் மரை சிதையுது. சில வண்டியில கம்பியில மரையே இருக்காது, நாப்பை அழுத்திச் சொருகியிருப்பாங்க. அதை மேல இழுத்துத்தான் எடுக்கணும், மூஞ்சியைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கோங்க, வரும்போது சட்டுனு வரும்.

நான் பட்டது என்னன்னா, எல்லா வண்டிக்கும் சேரும்னு எழுதியிருந்த நாப்பை வாங்குனேன். உள்ள கம்பியைச் சுத்தி உக்கார்ற ஒரு பிளாஸ்டிக் புஷ், பக்கத்துல மூணு குட்டி ஸ்க்ரூ, அலன் கீங்கிற ஆறு பட்டைச் சாவி வச்சு இறுக்கணும் அவ்வளவுதான். கொஞ்ச நாள் ஜம்முனு இருந்துச்சு. வண்டி அதிர்வுல ஸ்க்ரூ லேசா லேசா லூசாகி, ஒருநாள் ஒரு லாரியை ஓவர்டேக் பண்றப்ப மூணுலேருந்து நாலுக்கு இழுத்தேன், நாப் கையோட வந்துடுச்சு, லிவர் நியூட்ரல்லயே நிக்குது. மொட்டைக் கம்பியைப் புடிச்சு கியரைப் போட்டு எப்படியோ ஓரம் கட்டுனேன். சரி பழைய நாப்பையே மாட்டிடலாம்னு பாத்தா அதுவும் ஏறல, ஸ்க்ரூ முனை குத்தி மரையை நசுக்கி வச்சிருக்கு, அப்புறம் டைங்கிற மரை வெட்டுற கருவியைப் போட்டு மரையை ஓட்டித்தான் சரி பண்ணாங்க.

இன்னொண்ணு ரிவர்ஸ் வளையம். நாப்புக்குக் கீழ ஒரு வளையத்தைத் தூக்குனாத்தான் ரிவர்ஸ் விழுற வண்டி நிறைய இருக்கு. புது நாப் ரொம்பக் கீழ உக்காந்துட்டா வளையம் மேல வர இடமே இருக்காது. இது தெரியாம வண்டியைச் சுவத்தோரமா மூக்கு முட்ட நிறுத்திட்டு அப்புறம் முழிக்கிறவங்க இருக்காங்க. சிலதுல அந்த வளையமே பழைய நாப்போட ஒட்டிக்கிட்டு வந்துடும், அந்த மாதிரி வண்டிக்கு சும்மா ஒரு உருண்டையை மாட்டுனா ஆகவே ஆகாது. அதனால மாட்டுன கையோட வண்டி நிக்கும்போதே எல்லா கியரையும் ஒருதரம் போட்டுப் பாத்துடணும், ரிவர்ஸ் உள்பட.

கனமான இரும்பு நாப் போட்டா கியர் வழுக்கிக்கிட்டு விழும்னு சொல்றது பொய்யில்ல, அந்தக் கனமே லிவரைத் தள்ளிக் குடுக்கும். ஆனா வெயில்ல நின்ன வண்டியில அதைத் தொட்டுப் பாருங்க தெரியும். எனக்கு இப்ப தோல் சுத்துன நாப்தான், கம்பியோட மரைக்குன்னே செஞ்சது, கீழ கழலாம இருக்க லாக் நட் போட்டு இறுக்கியிருக்கேன், அசையல.

அடுத்த தடவை இந்த மாதிரி குறிப்பு போடும்போது பிட்ச் அளவையும் ரிவர்ஸ் வளையத்தையும் ரெண்டு வரி சேத்துப் போடுங்க ஐயா.

இப்படிக்கு,
உங்க வாசகன் ஒருத்தன்