டோல்கீன் கதைல கடவுள் இல்லைன்னு யார் சொன்னது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம்ம ஞாயிறு புத்தகப் பக்கத்துல ஃபேன்டசி நாவல்கள் பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு, படிச்சதுலேருந்து எழுதணும் எழுதணும்னு நினைச்சு இன்னிக்குதான் உக்காந்தேன். இங்கிலாந்து எழுத்தாளர் டோல்கீனோட லார்ட் ஆஃப் த ரிங்ஸ் நாவல்ல கோயிலும் இல்ல ஜெபமும் இல்ல, மதமே இல்லாத மாயாஜாலக் கதைன்னு ஒரு வரில முடிச்சிட்டீங்க, சி.எஸ். லூயிஸோட நார்னியாவ சின்னப் பிள்ளைங்க கதைன்னு இன்னொரு வரில தள்ளிட்டீங்க. எனக்கு மனசு ஆறவே இல்ல. இந்தப் பக்கம் நம்ம சபைகள்ல சில பெரியவங்க இதெல்லாம் மாந்திரீகம், பிள்ளைங்க கைல குடுக்காதீங்கங்கறாங்க, அந்தப் பக்கம் நீங்க இதுல கடவுளே கிடையாதுங்கறீங்க. ரெண்டு பேரும் அந்தப் புத்தகங்கள்ல கேக்கற பாட்ட விட்டுட்டு பேசுறீங்கன்னுதான் எனக்குத் தோணுது.

டோல்கீனோட அம்மா 1900ல கத்தோலிக்க சபைல சேந்தாங்க, அதனால சொந்தக்காரங்க பண உதவிய நிறுத்திட்டாங்க, 1904ல அம்மா இறந்தப்ப டோல்கீனுக்கு 12 வயசு, அதுக்கப்புறம் அவரையும் தம்பியையும் பொறுப்பேத்து வளத்தது பர்மிங்ஹாம்ல ஒரு பாதிரியார். அம்மா விசுவாசத்துக்காக உயிரையே குடுத்தாங்கன்னு கடைசி வரைக்கும் நினைச்சவர் அவர். 1953ல இயேசு சபைய சேந்த ஒரு நண்பருக்கு எழுதின கடிதத்துல லார்ட் ஆஃப் த ரிங்ஸ் அடிப்படைல ஒரு கத்தோலிக்க படைப்பு, முதல்ல தன்னை அறியாம அப்படி வந்துச்சு, திருத்தி எழுதுறப்ப தெரிஞ்சே செஞ்சேன்னு அவரே சொல்லியிருக்காரு. கதைல அந்தத் தீய மோதிரம் அழியிற நாள் மார்ச் 25, காபிரியேல் மரியாளுக்கு மங்கள வார்த்தை சொன்ன திருநாள், மோதிரத்த எடுத்துட்டு அந்தக் கூட்டம் ரிவெண்டெல்ங்கற இடத்த விட்டு கிளம்புற நாள் டிசம்பர் 25. காலண்டர்ல கூட அவ்வளவு கவனமா வேலை பாத்த மனுஷன் மதமே இல்லாம எழுதினாருன்னு எப்படி சொல்ல முடியும்?

ஆனா நான் முக்கியமா சொல்ல வந்தது இசை பத்தி. டோல்கீன் இறந்து 4 வருஷம் கழிச்சு 1977ல அவர் மகன் வெளியிட்ட சில்மரில்லியன் எப்படி ஆரம்பிக்குதுன்னா, இலூவதார்ங்கற ஒரே கடவுள் முதல்ல ஐனூர்னு சொல்ற தூதர்கள உண்டாக்குறாரு, அவங்களுக்கு ஒரு ராகப் பொருள் குடுத்து இத விரிச்சுப் பாடுங்கன்னு சொல்றாரு. அதுல மெல்கோர்ங்கறவன் மட்டும் தன் இஷ்டத்துக்கு ஒரு பாட்ட உள்ள நுழைக்கிறான், பக்கத்துல இருக்கறவங்களுக்கு சுருதி கலையுது, சில பேரு அவன் பின்னாடியே போயிடுறாங்க. கடவுள் அவன் வாய மூடல, எழுந்து கைய உயர்த்தி ரெண்டாவது பொருள் குடுக்குறாரு, அதையும் அவன் கெடுக்குறான், அப்புறம் மூணாவது. இந்த மூணாவது மெதுவா, ரொம்ப மென்மையா, ஆழமான துக்கம் கலந்து வருது, அதோட அழகே அந்த துக்கத்துலேருந்துதான் வருதுன்னு எழுதுறாரு. மெல்கோரோட இசை நாலஞ்சு ஸ்வரத்தையே திரும்பத் திரும்ப எக்காளம் மாதிரி ஊதிட்டு கெடக்குது, அந்த மென்மையான இசைய அமுக்கிடப் பாக்குது. ஆனா அவன் ரொம்ப ஜெயிச்ச மாதிரி ஊதுன ஸ்வரங்களையே அந்த இசை எடுத்து தனக்குள்ள கோத்துக்குது. நான் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கேன், சிலுவைய இத விட நல்லா எனக்கு யாரும் புரிய வச்சதில்ல, அதுல சிலுவைங்கற வார்த்தையே இல்ல.

லூயிஸும் இதையேதான் வேற விதமா செஞ்சாரு. அவர் சின்ன வயசுல ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரோட இசை நாடகங்கள கிராமஃபோன் தட்டுல கேட்டு கிறுக்குப் பிடிச்சு கெடந்தவர், பேர் தெரியாத ஒரு ஏக்கம் அதுல வந்துச்சுன்னு தன் வரலாறுல எழுதியிருக்காரு, விசுவாசம் இல்லாம இருந்த வருஷங்கள்லயும் அந்த ஏக்கம் அவர விடல. 1931 செப்டம்பர்ல ஒரு ராத்திரி ஆக்ஸ்ஃபோர்டுல டோல்கீனோடயும் ஹ்யூகோ டைசன்ங்கற நண்பரோடயும் நடந்துகிட்டே பேசின பிறகுதான் கிறிஸ்துகிட்ட வந்தாரு. அவரோட மெஜிஷியன்ஸ் நெஃப்யூங்கற நார்னியா புத்தகத்துல அந்த உலகம் உண்டாகுற இடத்த படிச்சவங்களுக்குத் தெரியும், கும்மிருட்டு, ஒண்ணுமே இல்ல, அதுல மாட்டிக்கிட்ட லண்டன் குதிரை வண்டிக்காரர் பயப்படாம நாம ஒரு பாட்டு பாடலாம்னு அறுப்புக்கு நன்றி சொல்ற ஞானப்பாட்ட எடுக்குறாரு. அதுக்கு அப்புறம்தான் தூரத்துல வார்த்தை இல்லாத ஒரு குரல் கேக்குது, திடீர்னு அதோட ஆயிரம் குரல் சேருது, அதே நொடில வானம் முழுக்க நட்சத்திரம். அந்தக் குரல் அஸ்லான்ங்கற சிங்கத்தோடது, அது பாடப் பாட, அடி ஸ்தாயில நீளமா இழுத்தா ஃபிர் மரம் வரிசையா முளைக்குது, வேகமா மேல போனா மஞ்சள் பூ பூக்குது. "விடியற்காலத்து நட்சத்திரங்கள் ஏகமாய்ப் பாடி"ன்னு யோபு 38ல படிச்சு வளந்தவங்களுக்கு இது எங்கேருந்து வருதுன்னு யாரும் சொல்லித் தர வேண்டாம். அந்தப் பாட்டு பிடிக்காத மாமா ஒருத்தர் இருக்காரு, இது பாட்டு இல்ல வெறும் உறுமல்னு தனக்குத் தானே சொல்லிச் சொல்லி கடைசில அவருக்கு நிஜமாவே உறுமல் மட்டும்தான் கேக்குது.

இன்னொரு இடமும் சொல்லிடறேன். லார்ட் ஆஃப் த ரிங்ஸ்ல சாம் தன் எஜமான் ஃப்ரோடோவத் தேடி எதிரியோட கோபுரத்துக்குள்ள போறான், எங்க தேடியும் ஃப்ரோடோ இல்ல, படில தளந்து உக்காந்துடுறான், என்ன பண்றதுன்னு தெரியாம மெல்லப் பாட ஆரம்பிக்கிறான், அந்தப் பாட்டுக்கு மேலேருந்து ஒரு சன்னமான குரல் பதில் சொல்ற மாதிரி கேக்குது, அப்படித்தான் ஃப்ரோடோ இருக்குற இடமே தெரியுது. பவுலும் சீலாவும் பிலிப்பி ஜெயில்ல நடு ராத்திரில பாடினதுதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு.

இந்தக் காலத்துலயும் இது தொடருது. அமெரிக்கால நாஷ்வில்ல ஆண்ட்ரூ பீட்டர்சன்னு ஒருத்தர், அவர் முதல்ல கிறிஸ்தவப் பாடகர், பாட்டு எழுதுறவர், அவர்தான் 2008லேருந்து 2014க்குள்ள விங்ஃபெதர் சாகான்னு 4 புத்தகம் எழுதினாரு. அதுல மூணு பிள்ளைங்க, கடைசிப் பொண்ணு லீலியோட பாட்டுக்கும் அவ ஊதுற கருவிக்கும் சக்தி உண்டு. எதிரி பக்கமும் ஒரு பாட்டு இருக்கு, மனுஷங்க அத வாயத் திறந்து பாடினாதான் மிருகமா மாறுவாங்க, யாரோ செஞ்ச சூனியத்தால இல்ல, தானாப் பாடி மாறுறாங்க. மெல்கோர் கூட சேந்து பாடினவங்கள நினைச்சுப் பாருங்க.

இவ்வளவும் ஏன் சொல்றேன்னா நானும் எழுதுறவ. வீட்டுல எல்லாரும் தூங்கின பிறகு தமிழ்ல ஒரு கிறிஸ்தவ ஃபேன்டசி நாவல் எழுதிட்டு வர்றேன், ஹெட்ஃபோன் இல்லாம எனக்கு ஒரு பாரா நகராது. எழுதுறப்ப பாட்டு கேட்டா கவனம் சிதறும்னு சொல்றவங்க வார்த்தை உள்ள பாட்ட நினைச்சு சொல்றாங்க, அது உண்மைதான், நமக்கு வர வேண்டிய வரிய பாடகர் வந்து மறிச்சுக்குவாரு. வார்த்தை இல்லாத இசை வேற. வான் வில்லியம்ஸ்ங்கற இங்கிலாந்து இசையமைப்பாளர் 1910ல க்ளௌசெஸ்டர் கத்தீட்ரல்ல முதல் தடவையா நடத்தின ஒரு ஃபேன்டசியா இருக்கு, முழுக்க தந்தி வாத்தியம். 1567ல தாமஸ் டாலிஸ் 2ஆம் சங்கீதத்துக்கு, அதாவது "ஜாதிகள் கொந்தளித்து"க்கு, போட்ட ராகத்த எடுத்து விரிச்சது. ஒரு பெரிய குழு வாசிக்கும், அதுலேருந்து தள்ளி உக்காந்திருக்குற சின்னக் குழு பதில் சொல்லும், கேக்கறப்ப பக்கத்துல எங்கயோ பெரிய பழைய மண்டபம் இருக்குற மாதிரியே இருக்கும். பாழடைஞ்ச நகரம், மலைக்கோட்டை, ராஜா இல்லாத அரண்மனை இதெல்லாம் எழுத எனக்கு அதுதான் வேணும்.

அதே அளவுக்கு நம்ம ராக ஆலாபனை, அதுலயும் நாதஸ்வரத்துல. வார்த்தை இல்ல, தாளம் இல்ல, அவசரம் இல்ல, கீழ ஸ்தாயிலேருந்து கொஞ்சம் கொஞ்சமா விரிஞ்சு மேல போகும், ஒரு பெரிய கதை எப்படி தொடங்கணுமோ அப்படி. ஹோவர்ட் ஷோர் லார்ட் ஆஃப் த ரிங்ஸ் படங்களுக்கு இசை போட்டப்ப ஒவ்வொரு ஜனத்துக்கும் ஒரு இசை குடுத்தாரு, குதிரை நாட்டுக்காரங்களுக்கு நார்வேயோட ஹார்டாங்கர் ஃபிடில், ஷயர்ங்கற நாட்டுப்புறத்துக்கு டின் விசில்ங்கற குழல், இது வாக்னர்லேருந்து வர்ற முறை. நானும் என் கதைல கடலோர ஜனத்துக்கு ஒரு ராகம், மலை ஜனத்துக்கு ஒரு ராகம்னு வச்சிருக்கேன், அத போட்டாலே அவங்க பேசுற தோரணை மாறிடும். ஒண்ணு மட்டும், திருத்துறப்ப இசைய நிறுத்திடுவேன், சத்தமா வாசிப்பேன். இசை ஓடுறப்ப புல்லரிச்ச சில இடம் அப்ப வெறும் தட்டையா கெடக்கும், அந்தப் புல்லரிப்பு வயலினோடது, நம்ம வரியோடது இல்ல. அந்த இடத்த திரும்ப எழுதித்தான் ஆகணும்.

இதெல்லாம் வெள்ளைக்காரங்க சமாச்சாரம், நமக்கு எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு, எங்க திருநெல்வேலி மண்ணுல 1894லயே எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை இரட்சணிய யாத்திரிகம்னு 3,766 பாட்டுல ஒரு காப்பியம் எழுதிட்டாரு. ஜான் பன்யன் 1678ல வெளியிட்ட மோட்சப் பயணக் கதைய எடுத்து, அத கம்பன் நடைல, நாடு நகரம் ஆறு எல்லாம் வர்ற தமிழ்க் காப்பியமா ஆக்கினவர். கிறிஸ்தவ கம்பர்னே அவருக்குப் பேரு. வைணவக் குடும்பத்துல பிறந்து 1858ல ஞானஸ்நானம் எடுத்தவர், ஆழ்வார் பாசுரம் ஊறின காது. அந்தக் காப்பியத்துல இடையிடையே தேவாரம்ங்கற பேர்ல இசைப்பாட்டு வச்சிருக்காரு, கதை போயிட்டே இருக்கறப்ப நின்னு பாடுறாங்க. அழிவு நகரம், பயணம், ராட்சசன், போர், ராஜ நகரம், இதுக்கு மேல ஃபேன்டசிக்கு என்ன வேணும்? டோல்கீன் பிறந்தது 1892ல. அவரு ரெண்டு வயசுக் குழந்தையா இருந்தப்பவே நம்மகிட்ட இது இருந்துச்சு, நம்ம பிள்ளைங்களுக்கு அந்தப் பேரே தெரியல.

அதனால நான் கேக்கறது இதுதான். இந்த வகைப் புத்தகத்துக்கு விமர்சனம் போட்டா அதுல விசுவாசம் எங்க இருக்கு, பாட்டு எங்க வருதுன்னு பாக்கத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட குடுத்து எழுத வைங்க. கிருஷ்ணபிள்ளை பத்தி ஒரு முழுப் பக்கம், அந்தத் தேவாரங்கள்ல ஒண்ண அப்படியே அச்சுல போட்டு, அர்த்தத்தோட வெளியிடுங்க, எங்க ஊர்ல அத ராகத்தோட பாடத் தெரிஞ்சவங்க இன்னும் யாராவது இருந்தா அவங்கள ஒரு பேட்டி எடுங்க. இடம் பத்தலன்னா இந்தக் கடிதத்துல எத வேணும்னாலும் வெட்டிக்கோங்க, நான் ஹெட்ஃபோன் மாட்டி எழுதுற கதைய முதல்ல வெட்டுங்க, கிருஷ்ணபிள்ளை பாராவ மட்டும் முழுசா போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை