ரீடரோடு தமிழில் ஒரு தாள் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆடுகளுக்கு உள்ளே சிப் வைத்த மின்னணு காதுவில்லை மாட்டுங்கள், கணக்கு சுலபம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மாட்டிவிட்டோம், சரி. அந்த வில்லையைப் படிக்கும் கை ரீடரைப் போனோடு புளூடூத்தில் சேர்ப்பதற்குள் நாங்கள் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன்.

எங்களிடம் அறுபது தலைச்சேரி ஆடுகள், மாதம் ஒருமுறை எடை போடுவோம். தராசில் ஏற்றி, காதருகே ரீடரைக் காட்டினால் 'பீப்' என்று சத்தம் வந்து அந்த ஆட்டின் 15 இலக்க எண் ரீடரின் திரையில் தெரியும். அது போனுக்கும் வர வேண்டும் என்றுதான் கூடுதல் காசு கொடுத்து புளூடூத் உள்ளதாக வாங்கினோம். வரவில்லை. போனில் தேடினால் ரீடரின் பெயரே காட்டவில்லை, விற்றவரைக் கூப்பிட்டால் "மெஷின் பழுதா இருக்கும், கூரியர்ல அனுப்பிடுங்க" என்கிறார். ஒரு பழுதும் இல்லை என்று கண்டுபிடித்தது என் தங்கை மகள். முதல் நாள் என் மகன் தன் போனில் சேர்த்துப் பார்த்திருக்கிறான், அந்தப் போன் திண்ணையில் சார்ஜில் கிடந்தது, ரீடர் அதையே பிடித்துக்கொண்டிருந்தது. அதில் புளூடூத்தை அணைத்தோம், என் போனில் பெயர் வந்தது, சேர்ப்பதற்கான ரகசிய எண் கேட்டது, 1234 போட்டதும் சேர்ந்துவிட்டது.

அப்புறமும் ஆட்டின் எண் வரவில்லை! எங்கள் ரீடரில் இரண்டு வழி இருக்கிறது. கீபோர்டு வழியில் வைத்தால் போன் அதை ஒரு கீபோர்டு என்று எடுத்துக்கொள்ளும், கர்சர் நிற்கும் இடத்தில் எண் தானாக விழும். சீரியல் வழியில் வைத்தால் அதற்கென்று ஒரு ஆப் திறந்திருக்க வேண்டும். எங்களுடையது சீரியலில் இருந்திருக்கிறது. மாற்றிவிட்டு, போனில் பழைய இணைப்பை அழித்து மறுபடி சேர்த்தோம், எண் வந்தது. ஆனால் போனின் சொந்த கீபோர்டு மறைந்துவிட்டது, எடையை அடிக்க வழியில்லை, ஆடு தராசில் நின்று கத்துகிறது. வெளி கீபோர்டு இருந்தாலும் திரை கீபோர்டைக் காட்டு என்று செட்டிங்ஸில் ஒன்று உண்டு, அதைப் போட்டால் போதும்.

எக்ஸெல் வைத்திருப்பவர்கள் எண் விழும் நெடுவரிசையை முதலிலேயே டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் 15 இலக்கத்தை அது சுருக்கிக் காட்டும், அப்படியே சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போயே போய்விடும், எந்த ஆடு எது என்றே தெரியாது.

இன்னொன்று, கால்நடைத் துறை மாட்டும் மஞ்சள் காதுவில்லையில் இருப்பது 12 இலக்கமும் பார்கோடும்தான், உள்ளே சிப் கிடையாது. அதையும் படிக்கும் என்று நம்பி பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒரு ரீடர் வாங்கி, பரண்மேல் போட்டு வைத்திருக்கிறார். மனசு கேட்கவில்லை.

பெட்டியில் வருவது பொடி எழுத்தில் ஆங்கிலப் புத்தகம். விற்பவர்கள் தமிழில் ஒரே ஒரு தாள் வைக்கக்கூடாதா? கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையங்களில் ஆடு வளர்ப்புப் பயிற்சி கொடுக்கும்போது இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி, அவரவர் போனிலேயே சேர்த்துக் காட்டச் சொல்லி நீங்களும் எழுதுங்கள். நாங்கள் செய்ததை வரிசையாக அட்டையில் எழுதி கொட்டகைத் தூணில் கட்டியிருக்கிறோம், கேட்பவர்களுக்குப் படம் எடுத்து அனுப்பத் தயார்.

இப்படிக்கு,
ஒரு வெள்ளாட்டுப் பண்ணையாளர்,
தாராபுரம்.