சுகர்ணோவுக்கு முன்பே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இந்தோனேசிய விடுதலை பற்றிய தங்கள் கட்டுரை அந்நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் சுகர்ணோவிலிருந்தே தொடங்கியது குறையாகப்படுகிறது. மருத்துவர் வாகிதின் கல்வி நிதி திரட்ட ஜாவா முழுவதும் மேற்கொண்ட பயணத்தால் ஊக்கம் பெற்ற மருத்துவக் கல்லூரி மாணவர் சுதோமோவும் அவருடைய தோழர்களும், 1908 மே 20 அன்று பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், புடி உத்தோமோ சங்கத்தை நிறுவினர். அந்நாளே அங்கு தேசிய விழிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது.

ஆயினும் அச்சங்கம் ஜாவாவின் உயர்குடியினரைத் தாண்டி அதிகம் வளரவில்லை. பாத்திக் துணி வணிகர்களிடையே பிறந்த சரேகத் இஸ்லாம் இயக்கம்தான் எளிய மக்களைத் திரட்டியது. என் கணிப்பில், இனபேதமின்றித் தீவுகளில் வாழ்வோர் அனைவருக்கும் நாடு உரியது என்று 1912இல் அறிவித்த இந்தியக் கட்சியே (இங்கு ‘இந்திய’ என்பது டச்சு ஆட்சியிலிருந்த அத்தீவுகளைக் குறிக்கும்) துணிச்சல் மிக்கது.

நெப்போலியனிடமிருந்து விடுபட்ட நூற்றாண்டைத் தம் குடியேற்ற நாட்டிலும் கொண்டாட முனைந்த டச்சுக்காரர்கள், அதற்கு அடிமைப்பட்ட மக்களிடமே பணம் கேட்டனர் (இதைவிட வெட்கக்கேடு வேண்டுமா?). தான் டச்சுக்காரனாக இருந்தால், பிறர் விடுதலையைப் பறித்த மண்ணில் அவ்விழாவை எடுக்கமாட்டேன் என்று 1913இல் எழுதிய அக்கட்சித் தலைவர் சுவார்டியும், அவரை ஆதரித்த சக தலைவர்கள் டௌவெஸ் டெக்கர், சிப்தோ ஆகியோரும் நாடுகடத்தப்பட்டனர். பிற்காலத்தில் கி ஹஜார் தேவந்தாரா எனப் பெயர் மாற்றிக்கொண்ட அந்தச் சுவார்டியே விடுதலை பெற்ற நாட்டின் முதல் கல்வி அமைச்சர். அவரைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், கும்பகோணம்