பாப்பாவின் சுருள் முடியும் ஆளி விதைக் கூழும்

ரெஜைனா, கனடா
ஜனவரி 18

அன்புள்ள அம்மாயிக்கு,

நாங்கள் மூவரும் நலம். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பாப்பாவின் தலையைப் பார்த்துவிட்டு, "எண்ணெய் வைத்துப் பின்னாமல் இப்படி விரித்துப் போட்டிருக்கிறாயே" என்று வருத்தப்பட்டீர்கள். நான் பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. இந்தக் கடிதத்தை அம்மா படித்துக் காட்டும்போது முழுவதையும் கேளுங்கள்.

இங்கே வெளியே மைனஸ் 30. வீட்டுக்குள் ஹீட்டர் இரவும் பகலும் ஓடுவதால் காற்றில் துளி ஈரம் கிடையாது. குழாய்த் தண்ணீரோ கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டும் கடினத் தண்ணீர். தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து கிடக்கிறது. பாப்பாவுக்கு உங்களைப் போலவே அடர்ந்த சுருள் முடி. முதல் குளிர்காலத்தில் அது தேங்காய் நார் போல ஆகிவிட்டது. சீப்பைக் கண்டாலே அழுவாள்.

அந்த அழுகை கேட்டுத்தான் எதிர்வீட்டு நைஜீரியா அக்கா ஒருநாள் கதவைத் தட்டினார். இரண்டு பெண்களை வளர்த்தவர். சுருள் முடியைக் காய்ந்திருக்கும்போது சீவவே கூடாது என்று சொல்லி, ஒரு பாட்டில் விதையைக் கொண்டுவந்து என் அடுப்பிலேயே காய்ச்சிக் காட்டினார். ஆளி விதை. தச்சர் நம் வீட்டுக் கதவுக்குப் பூசினாரே லின்சீட் எண்ணெய், அது இந்த விதையிலிருந்து எடுப்பதுதான். கனடாவின் ஆளியில் பெரும்பங்கு இந்த சஸ்காச்சுவான் மாகாணத்தில்தான் விளைகிறது. ஜூலையில் சாலையோர வயல்கள் காலையில் நீலமாகப் பூத்திருக்கும். பகல் ஏறினால் இதழ்கள் உதிர்ந்து பச்சை மட்டும் நிற்கும். அந்த நீலத்தை ஒருமுறை நீங்கள் பார்க்க வேண்டும்.

கால் கப் விதைக்கு இரண்டு கப் தண்ணீர். அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருந்தால் பத்து நிமிடத்துக்குள் முட்டை வெள்ளைக்கரு போலக் கொழகொழப்பாகும். கரண்டியிலிருந்து நூலாக இழுபடும்போது இறக்கி, சூட்டோடு சூடாக வடித்துவிட வேண்டும். நான் தனியாகச் செய்த முதல் முறை ஆறட்டும் என்று விட்டேன். இறுகிப்போய் ஒரு சொட்டும் வடியவில்லை. இப்போது பழைய நைலான் காலுறையில் ஊற்றிப் பிழிகிறேன். குளிர்பெட்டியில் ஒரு வாரம் தாங்கும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுவேன்.

அந்தக் கூழை முதன்முதலாகக் கையில் எடுத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது, அம்மாயி. கோபிச்செட்டிபாளையத்தில் நம் வீட்டுக் கிணற்றடியில் வெள்ளிக்கிழமை தோறும் செம்பருத்தி இலையைக் கசக்கி என் தலையில் தேய்ப்பீர்களே, அதே வழுவழுப்பு! இலையில் இருப்பது இங்கே விதையின் தோலில் இருக்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு: செம்பருத்தியை அலசிவிடுவோம், இதை அலசுவதில்லை. தலை சொட்டச் சொட்ட நனைந்திருக்கும்போதே சிக்கெடுத்து, கொஞ்சம் கிரீம் தடவி, அதன்மேல் கூழைப் பூசி, ஒவ்வொரு கற்றையாக விரலில் சுற்றி விடுகிறேன். காய்ந்ததும் மெல்லிய ஏடு போல முடியைப் பிடித்துக்கொள்கிறது. முதலில் விறைப்பாக இருக்கும். உள்ளங்கைச் சூட்டில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயை உருக்கி, கற்றைகளை மெதுவாகக் கசக்கினால் விறைப்பு போய்ச் சுருள் மட்டும் நிற்கும். ஆகவே எண்ணெய் இல்லாமல் விடவில்லை. ஈரத்தலையோடு வெளியே போனால் முடி உறைந்துவிடும் என்பதால் இதையெல்லாம் சனிக்கிழமை இரவில் வைத்துக்கொள்கிறேன்.

இந்தக் கூழ் முடியை வளர்க்கும் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். அடங்கி நிற்க வைக்கிறது, சிக்கைக் குறைக்கிறது. எனக்கு அது போதும். பாப்பா இப்போது அழுவதில்லை. கண்ணாடி முன் நின்று ஒரு சுருளை இழுத்து விட்டு, அது துள்ளி மேலே போவதைப் பார்த்துச் சிரிக்கிறாள். நீங்கள் வாழ்நாளெல்லாம் எண்ணெய் வைத்து இறுக்கிக் கொண்டை போட்ட முடி அம்மாயி அது. அவிழ்த்து விட்டால் எவ்வளவு அழகாக இருந்திருக்கும்!

மார்ச்சில் மாமா வரும்போது பாப்பாவின் தலைக்குத் தேய்த்து அலச அரப்புத்தூள் அரைக் கிலோ கொடுத்து அனுப்புங்கள். இங்குள்ள ஷாம்பு பாப்பாவின் தலையை வறட்டிவிடுகிறது. எதிர்வீட்டு அக்காவிடம் அரப்பைப் பற்றிச் சொன்னேன். அவரும் தன் பெண்களுக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார். அவருக்கும் ஒரு கால் கிலோ சேர்த்துக் கட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் பேத்தி