ஹவாயின் சபையாரும் அரசும்: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்து மீண்டும் வாசிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்ற செய்தி வீட்டில் எல்லோருக்கும் பெரிய ஆறுதல். இங்கே நாங்கள் சுகம். இடமாற்றம் கிடைத்து மகளும் யாழ்ப்பாணத்துக்கே திரும்பி வந்துவிட்டாள். வட்டுக்கோட்டையில் செமினரி என்ற உயர்கல்விக்கூடம் நடத்திய அதே அமெரிக்க மிஷனின் ஆட்கள் பசிபிக் கடலின் ஹவாய்த் தீவுகளில் மட்டும் அமைச்சர்களாகவும் ஆட்சியாளர்களாகவும் ஆனது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். அண்மைக்காலமாக அதைப் பற்றியே வாசித்துக்கொண்டிருப்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பொஸ்டனில் இருந்த ஒரே மிஷன் சங்கம் அனுப்பிய ஆட்கள்தான் 1816 இல் யாழ்ப்பாணத்துக்கும் 1820 இல் ஹவாய்க்கும் வந்து சேர்ந்தார்கள். இங்கே பிரித்தானிய ஆட்சி உறுதியாக இருந்ததால் அவர்களுடைய பணி பள்ளிக்கூடம், அச்சகம், மருத்துவம் என்ற அளவில் நின்றது. ஹவாயிலோ சொந்த மன்னராட்சி இருந்தது. வந்து மிரட்டும் ஐரோப்பியப் போர்க்கப்பல்களோடு அவர்களுடைய முறையிலேயே பேசத் தெரிந்த ஆலோசகர்கள் அந்த அரசுக்குத் தேவைப்பட்டார்கள். அந்தத் தேவையின் வழியாகத்தான் அந்த மிஷனின் கொங்கிரிகேஷனல் என்ற புரட்டஸ்தாந்து சபையார் அரசுப் பணிக்குள் வந்தார்கள்.

வில்லியம் ரிச்சர்ட்ஸ் 1838 இல் மிஷனை விட்டு விலகி, மூன்றாம் கமேஹமேஹா மன்னரின் ஆலோசகரானார். 1840 ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் அவருடைய போதனையின் செல்வாக்கு உண்டு. பின்னர் திமோதேயோ ஹாலிலியோ என்ற ஹவாய்ப் பிரபுவோடு இலண்டனுக்கும் பாரிசுக்கும் அலைந்து, 1843 நவம்பர் 28 அன்று பிரித்தானியாவும் பிரான்சும் ஹவாயின் சுதந்திரத்தை எழுத்தில் ஏற்கச் செய்தார். ஹாலிலியோ ஊர் திரும்பும் வழியில் கடலிலேயே இறந்துபோனார்.

மிஷன் மருத்துவராக வந்து அரசுப் பணியில் சேர்ந்த ஜெரிட் ஜட் பற்றியதே என் மனத்தை விட்டு அகலாத செய்தி. 1843 பெப்ரவரியில் போலெட் என்ற பிரித்தானியக் கப்பல் தலைவர் ஹவாயைக் கைப்பற்றியபோது, ஜட் அரச ஆவணங்களை எடுத்துக்கொண்டு போய் அரச கல்லறைக்குள் ஒளித்துவைத்தார். இரவு வேளைகளில் விளக்கொளியில், மறைந்த அரசி கஅஹுமானுவின் சவப்பெட்டியையே மேசையாகக் கொண்டு, மன்னரின் முறைப்பாடுகளை எழுதி வெளிநாட்டுக்கு இரகசியமாக அனுப்பினார் என்று சொல்லப்படுகிறது. ஜூலை 31 அன்று நாடு மன்னரிடம் திரும்பக் கொடுக்கப்பட்டது. தாம் பிறக்காத ஒரு நாட்டுக்காக ஒருவர் இப்படி உழைத்ததை நான் முழு மரியாதையோடே நினைக்கிறேன்.

ஆனால் கேடும் அந்தத் தலைமுறையிலேயே விதைக்கப்பட்டது. 1848 இல் நிலங்கள் மன்னருக்கும் பிரபுக்களுக்கும் இடையே பிரிக்கப்பட்டன. 1850 இல் வெளிநாட்டார் நிலம் வாங்கச் சட்டம் இடம் கொடுத்தது. பொஸ்டன் சங்கம் பண உதவியைக் குறைக்க, மிஷன் குடும்பங்கள் பல நிலத்துக்கும் வணிகத்துக்கும் திரும்பின. பின்னாளில் சர்க்கரைத் தொழிலில் ஆதிக்கம் செலுத்திய காசில் அண்ட் குக் நிறுவனத்தை 1851 இல் தொடங்கியவர்களும் மிஷனில் வேலை பார்த்தவர்களே. முதல் தலைமுறையில் அரசுப் பணிக்கு வந்தவர்கள் மன்னரின் சம்பளத்தில் வாழ்ந்தார்கள். மிஷன் குடும்பங்களின் அடுத்த தலைமுறையினர் பலருக்கோ மன்னராட்சி தங்கள் சொத்துக்குக் குறுக்கே நிற்பதாகத் தோன்றியது.

முதல் மிஷனரிகளில் ஒருவரான ஏசா தேர்ஸ்டனின் பேரன் லொரின் தேர்ஸ்டன், 1887 இல் ஆயுத மிரட்டலோடு மன்னர் கலாகவாமேல் சுமத்தப்பட்ட அரசியலமைப்பை எழுதியவர்களில் முக்கியமானவர். சட்டசபையின் பிரபுக்கள் பிரிவுக்கு வாக்களிக்க 3,000 டொலர் சொத்தோ 600 டொலர் ஆண்டு வருமானமோ வேண்டும் என்று அது விதித்ததால், சுதேசிகளில் பெரும்பாலோர் அந்த உரிமையை இழந்தார்கள். 1893 ஜனவரி 17 அன்று அரசி லிலியுவோகலானியை அகற்றிய பின் ஆட்சித் தலைவரானவர் சான்போர்ட் டோல். மிஷன் பள்ளி ஆசிரியரின் மகன், அதுவரை இராச்சியத்தின் உச்ச நீதிமன்ற நீதிபதி. அரசியை மீண்டும் அமர்த்துமாறு அமெரிக்க ஜனாதிபதி கிளீவ்லாந்து கேட்டபோதும் டோல் மறுத்துவிட்டார்.

இதில் எனக்கு ஆறாத வேதனை ஒன்று உண்டு. ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆள வேண்டும், மேலிருந்து ஒரு பிஷப் ஆளக்கூடாது என்பதுதான் கொங்கிரிகேஷனல் கொள்கையின் உயிர். அதைத் தலைமுறை தலைமுறையாக ஹவாய் மக்களுக்குப் போதித்த குடும்பங்களின் வாரிசுகளே அம்மக்களின் தன்னாட்சியைப் பறித்தார்கள். அகற்றப்பட்ட அரசியும் ஹொனலூலுவின் கவையாஹாவோ ஆலயத்தில் பாடகர் குழுவை நடத்திய அதே சபைப் பெண்மணிதான். 1897 இல் இணைப்பை எதிர்த்து 21,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டும் அடுத்த ஆண்டே ஹவாய் அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டது.

1959 இல் ஹவாய் மாநிலமானபோது கவையாஹாவோவின் போதகராக இருந்தவர் ஆபிரகாம் அகாகா என்ற சுதேச ஹவாயர். அவருடைய தம்பி டானியல் அகாகா 1990 இல் அமெரிக்க செனட் சபைக்குச் சென்றார். கொங்கிரிகேஷனல் சபைகளின் வழிவந்த ஐக்கிய கிறிஸ்து சபை, ஆட்சிக் கவிழ்ப்பில் தன் முன்னோருக்கிருந்த பங்குக்காக 1993 ஜனவரியில் ஹவாய் மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. அதே ஆண்டு நவம்பர் 23 அன்று அமெரிக்க அரசின் மன்னிப்புத் தீர்மானம் கையெழுத்தானது. அதைச் செனட்டில் கொண்டுவந்தவர் அகாகாதான். சுதேச ஹவாயருக்கெனத் தனி ஆட்சியமைப்பு ஒன்றை உருவாக்க 2000 முதல் அவர் கொண்டுவந்த மசோதா மட்டும், 2013 இல் அவர் ஓய்வு பெறும்வரை நிறைவேறவேயில்லை.

சம்பளம் வாங்கி ஊழியம் செய்தவருக்கும் நிலம் வாங்கி ஆட்சி செய்தவருக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் நான் இதில் பெரிதாகக் காண்கிறேன். பிரித்தானியர் இல்லாதிருந்தால் வட்டுக்கோட்டையிலும் இப்படி நடந்திருக்குமா என்பதில் உங்கள் கருத்தை அறிய ஆவலாயிருக்கிறேன். கண் களைக்காத அளவுக்கு எழுதுங்கள்.

என்றும் உங்கள் அன்புள்ள,
பழைய நண்பன்